கென்யா ஊழியத்துக்குப் போகிறோம்: ஊரார் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்

ஏழெட்டு மாதமாக ஒரே கேள்விகள்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் கேட்கிறார்கள், கருவாட்டுத் தளத்தில் கேட்கிறார்கள், பாம்பன் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தியும் கேட்கிறார்கள். பஸ் வந்துவிட்டால் பாதிப் பதிலோடு ஓட வேண்டியிருக்கிறது, அந்தப் பாதி வேறு மாதிரியாக ஊர் சுற்றி எங்களிடமே திரும்பி வருகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து, பிறகு இறையியல் படித்துச் சபை ஊழியத்துக்கு வந்தவர். நான் பன்னிரண்டு வருடமாகச் சின்னப்பாலம், தங்கச்சிமடம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், கருவாடு போடும் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. கூடவே 70 வயது அத்தை, அதாவது என் மாமியார்.

எந்த ஊருக்குப் போறீங்க? துபாய் பக்கமா?

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா. அதில் மேற்குப் பக்கம், விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு நகரத்தை ஒட்டிய மீன்பிடிக் கிராமங்கள். ஏரி என்றதும் நம் ஊர் ஊருணி மாதிரி நினைக்க வேண்டாம். சுமார் 68,800 சதுர கிலோமீட்டர், அக்கரை கண்ணுக்குத் தெரியாது, அலையடிக்கும், காற்று கிளம்பினால் படகு கவிழும். தண்ணீர் மட்டும் உப்பில்லை. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை எட்டு என்றால் அங்கே ஐந்தரை.

ஒரேயடியாப் போறீங்களா?

முதலில் மூன்று வருடம். அதன்பின் ஊர் வந்து, இரண்டு பக்கத்துச் சபைகளும் உட்கார்ந்து பேசித்தான் அடுத்த முடிவு.

மிஷனரின்னா வெள்ளைக்காரங்கதானே? நம்ம ஆளுங்க எதுக்கு வெளிய போகணும்?

நம் கரைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி இத்தாலிக்காரர், இயேசு சபையின் முதல் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். அவர் கத்தோலிக்கர், நாங்கள் சிஎஸ்ஐ சபையார் என்றாலும், அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லும் ஓரியூர்ச் செம்மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் வளரவில்லை. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கோவாவுக்கு வரும் வழியில் கப்பல் நின்ற ஊர்களில் ஒன்று மாலிந்தி. அது கென்யாவின் கடற்கரை ஊர். அங்கே நின்று வந்தவர்தான் அதே வருடக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். இதைப் படித்த அன்று நான் வரைபடத்தில் மாலிந்தியில் விரல் வைத்து, கடல் வழியாக இழுத்துப் பாம்பன் வரைக்கும் கொண்டு வந்து பார்த்தேன்.

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள் என்பதும் சரியில்லை. 1900ஐ ஒட்டிய வருடங்களில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து நம் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்பினார்கள். தமிழர்களே கடல் கடந்து தமிழர்களுக்கு அனுப்பியது. பின்னாளில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போய் அங்குள்ள சபையின் மிஷனரி ஊக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குத் தமிழ் ஊழியர்கள் போனார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து மிஷனரிகளைத் தாங்குவது அந்தப் பக்கத்துச் சபைகளின் வழக்கம். எங்கள் சபையிலும் இன்றைக்கும் பிடியரிசிக் காணிக்கை உண்டு. வாங்கியே பழகிய கரை ஒரு குடும்பத்தையாவது அனுப்பட்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

கென்யால கிறிஸ்தவங்கதானே நெறைய? அங்க என்ன மிஷனரி வேலை?

சரியான கேள்வி, நாங்களும் முதலில் இதையேதான் கேட்டோம். கென்யாவில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். ஏரிக்கரையில் ஆலயங்கள் நிறைய. அங்குள்ள சபை எங்களை அழைத்ததே, "எங்களுக்குப் பிரசங்கியார் இருக்கிறார்கள், மீன்காரர்களோடு கரையில் உட்கார ஆள் வேண்டும்" என்று சொல்லித்தான்.

அந்தக் கரையில் ஒமேனா என்று ஒரு பொடி மீன், பார்க்க நம் நெத்திலி மாதிரி. இரவில் விளக்கு வைத்துப் பிடித்து, காலையில் கரையில் பரப்பி உலர்த்துவார்கள். பிடிப்பது ஆண்கள், வாங்கிக் காயவைத்து விற்பது பெண்கள். மீன் குறையக் குறைய, படகுக்காரர் தன் மீனைத் தனக்கு இணங்குகிற பெண்ணுக்குத்தான் கொடுப்பார் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. 'ஜபோயா' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. கென்யாவில் எச்.ஐ.வி. பாதிப்பு அதிகமான மாவட்டங்கள் இந்த ஏரிக்கரையில்தான் இருக்கின்றன. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஏன் போகிறோம் என்பதே புரியாது.

சில கரைகளில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து சொந்தப் படகு வாங்கி இந்தப் பிடியிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். படகு இருந்தால் மட்டும் போதாது, எஞ்சின் நின்றால் அதைச் சரிசெய்ய மறுபடியும் யார் தயவிலோ நிற்க வேண்டும். வீட்டுக்காரர் அங்குள்ள பையன்களுக்கும் பெண்களுக்கும் எஞ்சின் வேலை சொல்லிக்கொடுப்பார். நான் சேமிப்புக் குழு, கருவாட்டுக் கணக்கு. ஞாயிறு பள்ளியும் வேத வகுப்பும் அந்தச் சபை கொடுக்கிற நேரத்தில், அவர்கள் ஆயருக்குக் கீழே நடக்கும்.

அப்ப மதம் மாத்தப் போறீங்கன்னு சொல்றது பொய்யா?

எதிர்வீட்டு அண்ணன் நேருக்கு நேர் கேட்டார். முதுகுக்குப் பின்னால் பேசாமல் கேட்டதற்கு நன்றி. இயேசுவைப் பற்றிச் சொல்வோமா என்றால் கட்டாயம் சொல்வோம், அதை மறைத்துப் பேச மாட்டேன். எஞ்சின் பழக வருகிறவரும் குழுவில் சேருகிறவரும் ஆலயத்துக்கு வந்தாக வேண்டுமா என்றால் வேண்டாம். உதவிக்கு விலையாக யாருடைய விசுவாசத்தையும் கேட்க மாட்டோம்.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. கென்யாவில் மதச் சுதந்திரம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்திலிருக்கும் நேபாளத்தில் 2015 அரசியல் சட்டம் மதமாற்றத்தைத் தடை செய்கிறது, மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை. ஊழியத்துக்குக் கிளம்ப நினைக்கும் இளையவர்கள் போகிற நாட்டுச் சட்டத்தை முதலில் படியுங்கள். நீங்கள் தப்பு செய்தால் தண்டனை அனுபவிப்பது அந்த ஊர் விசுவாசிகளாக இருக்கும்.

கீழக்கரைக்காரங்க துபாய்ல சம்பாதிக்கிற மாதிரி நல்ல சம்பளமா? டாலர்லயா?

சம்பளம் கிடையாது. தாங்குதல் தொகை உண்டு. எங்கள் சபை, பக்கத்து மூன்று சபைகள், இருபதுக்கு மேல் குடும்பங்கள் மாதாமாதம் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வாடகை, பிள்ளைகள் படிப்பு, மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு இவ்வளவு என்று டிக்கெட்டுக்கு ஒதுக்குவது எல்லாம் அதற்குள்தான். வரவு செலவு ஆலய அறிவிப்புப் பலகையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டப்படும். நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. பாசிக்குழுவில் நூறு ரூபாய்க்குக் கூடக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவள், என் கணக்கை மூடி வைக்க முடியாது.

நாங்க குடுக்கிற காணிக்கையை நேரா கென்யாவுக்கே அனுப்பிரலாமே?

தனி ஆள் தன் பணத்தை அனுப்பலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்ப இடமுண்டு, நம் யாருக்கும் அந்த எல்லை தொடும் பிரச்சினை வரப்போவதில்லை. சபையோ டிரஸ்டோ அனுப்புவது வேறு கதை. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், முன் அனுமதி இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. நல்ல மனதோடு அனுப்பிவிட்டு வருமான வரி நோட்டீஸ் வாங்கி நிற்க வேண்டாம். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். அங்கிருந்து யாராவது நம் சபைக் கணக்குக்கு அன்பளிப்பு என்று போட்டால், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. இன்னொன்று, இது கல்ஃப் போகிறவர்களுக்கும் பொருந்தும்: வெளிநாட்டில் குடியிருப்பவர் ஆனபின் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பலரும் செய்வதில்லை.

பாஸ்போர்ட்டுக்கு ஏன் அவ்வளவு நாள் அலைஞ்சீங்க?

பெயரால். வீட்டுக்காரருக்குப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலும் ஒரே சொல்லாகப் பெயரும். ஆதாரில் அதே பெயர் இரண்டு சொல்லாக. ஞானஸ்நானப் பதிவேட்டில் முன்னால் இன்னொரு பெயர். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், அந்த ஒரு எழுத்துக்காக ஆறு முறை ராமநாதபுரம் பஸ் ஏறினோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் வராது, அதை விரித்துத் தகப்பன் பெயராக எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் கஷ்டம். அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கொடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு எளிது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்து வருடப் பாஸ்போர்ட், அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆலயத்தில் எழுதிய பதிவு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் அப்போதே செய்திருந்ததால் தப்பித்தோம்.

டூரிஸ்ட்டாப் போயி அப்படியே இருந்துக்கிட்டா என்ன? எத்தனையோ பேரு அப்படித்தானே செய்றாங்க?

செய்கிறார்கள், தெரியும். நாங்கள் செய்ய மாட்டோம். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து பயணத்துக்கு முன்பே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும், அது பார்வையாளருக்கானது. மதப்பணி, அறப்பணி செய்யத் தங்குகிறவர்களுக்கு 'ஐ' வகை என்று தனி அனுமதி உண்டு. அதற்கு அங்குள்ள சபைதான் விண்ணப்பம் போட வேண்டும். மனைவி பிள்ளைகளுக்குச் சார்ந்தோர் அனுமதி. நம் பக்கத்திலிருந்து கல்விச் சான்றிதழ்களும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும். இந்தச் சான்றையும் பாஸ்போர்ட் இணையதளத்திலேயே கேட்கலாம்.

பொய் சொல்லி உள்ளே போய் உண்மையைப் பிரசங்கிக்க எனக்கு வாய் வராது. மேலே நேபாளத்தைப் பற்றிச் சொன்னதும் இதற்குப் பொருந்தும்: மாட்டிக்கொண்டால் விமானம் ஏற்றி அனுப்பப்படுவது நாம், விசாரணைக்கு நிற்பது நம்மை அழைத்த சபை.

ஊசி எல்லாம் போடணுமாமே? பிள்ளைங்களுக்குமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முக்கியம். கென்யா அந்தக் காய்ச்சல் உள்ள நாடு, அங்கிருந்து ஊசிச் சான்றில்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அனுமதி பெற்ற மையங்களில் மட்டும்தான். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலேரியாவுக்குக் கொசுவலைதான், ஏரிக்கரையில் அது அதிகம்.

ஊசியால் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. அந்த ஏரியில் நத்தையிலிருந்து வெளிவரும் ஒரு கிருமி, தண்ணீரில் நிற்கிறவர் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். மாத்திரை உண்டு, ஆனாலும் கரையோரத்தில் குளிக்கவே கூடாது என்கிறார்கள். என் மகன் நடக்கப் பழகியதே கடலோரத்தில். தண்ணீரைக் கண்டால் சட்டையைக் கழற்றுகிறவன். கண் முன்னால் கடல் மாதிரி ஒரு ஏரியை வைத்துக்கொண்டு காலை நனைக்காதே என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று இப்போதிருந்தே பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?

மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் உகாலி, நம் கேப்பைக் களிக்குத் தங்கை. கூட ஒமேனாக் குழம்பு, கீரை. அரிசி பருப்பும் கிடைக்கும். 1901இல் ஏரி வரைக்கும் ரயில் பாதை போட்டதே இந்தியாவிலிருந்து போன கூலிக்காரர்கள்தான், கிசுமுவில் இந்தியக் கடைகள் அன்றிலிருந்து இருக்கின்றன. புளி மட்டும் இரண்டு கிலோ கொண்டு போகிறேன்.

பிள்ளைங்க படிப்பு? தமிழ் மறந்துரும்ல?

அங்கே பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கும். ஆங்கிலமும் சுவாஹிலியும். சிறியவனுக்குக் கவலையில்லை. பெரியவள் திரும்பி வரும்போது ஒன்பதாம் வகுப்பு வயது. 2006 சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம், ஆகையால் தமிழை விட்டால் திரும்பி வந்து சேருவதே சிரமம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வைத்து வாரம் நான்கு நாள் வீட்டில் தமிழ். இரவு வேத வாசிப்பு தமிழில்தான், முறை வைத்து ஒவ்வொருவரும் சத்தமாக வாசிக்க வேண்டும்.

மகளுக்குப் போக மனமில்லை என்பதையும் எழுதுகிறேன், அவளே எழுதச் சொன்னாள். தோழியைப் பிரிய வேண்டும், கபடி டீமை விட வேண்டும். "ஆண்டவர் அழைச்சது உங்களைத்தானே, என்னையில்லையே" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. வருடம் ஒருமுறை அவள் பேச்சைத் தனியாகக் கேட்டு, அவள் உடைந்து போகிறாள் என்று தெரிந்தால் மூன்று வருடம் முடியாமலே திரும்புவது என்று ஆயர் முன்னிலையில் எழுதி வைத்திருக்கிறோம்.

வயசான மாமியாரை யாரு பாப்பா? இது ஞாயமா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, எனக்குத் தூக்கம் கெட்ட கேள்வியும் இதுதான். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, இடது கண்ணில் பார்வை குறைவு. கொழுந்தன் குடும்பம் இந்த வீட்டுக்கே குடிவருகிறது. மாத்திரைப் பெட்டியில் நாள்வாரியாகக் கட்டம் போட்டு மதினிக்குக் காட்டியிருக்கிறேன். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முறை போட்டிருக்கிறார்கள்.

அத்தை 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர். அப்போது ஒன்பது வயது. போகிற விஷயத்தை முதன்முதலில் சொன்ன இரவு, காரல் கருவாட்டை ஆய்ந்துகொண்டே கேட்டார். கை நிற்கவில்லை. கடைசியில், "அன்னிக்கு எங்களுக்குக் கஞ்சி ஊத்துனவங்க பேரு கூட எனக்குத் தெரியாது, போயிட்டு வாங்க" என்றார். அப்புறம் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டுமே உண்மை. அவர் சம்மதித்துவிட்டார் என்று மட்டும் சொன்னால் அது அரைப் பொய்யாகிவிடும்.

வீடு, ரேஷன் கார்டு எல்லாம்?

வீடு கொழுந்தன் பொறுப்பு. கார்டு அத்தை பேரில் இருக்கும், எங்கள் நான்கு பேரையும் நீக்க எழுதிக் கொடுத்தாயிற்று. ஊரில் இல்லாமல் அரிசி வாங்குவது சரியில்லை.

வீட்டுக்காரர் சொன்னார்னு கிளம்பிட்டியா? அழைப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வருடம் முடியாது என்று சொன்னவள் நான். அவரும் நெருக்கவில்லை, அதற்காகவே அவரை மதிக்கிறேன். அந்தியோகியா சபையில் பவுலையும் பர்னபாவையும் தனியே யாரும் கிளம்பச் சொல்லவில்லை, சபை உபவாசித்து, ஜெபித்து, கைவைத்து அனுப்பியது. அதனால் சபையும் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, கனவும் வரவில்லை. அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஒரு பெண் ஒமேனாவைப் பரப்பிவிட்டு எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சின்னப்பாலத்தில் பாசி எடுத்துவிட்டு, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே எங்கள் பெண்கள் எழுந்து நிற்கும் அதே நிலை. அதைப் பார்த்தபின் முடியாது என்று சொல்ல முடியவில்லை. இதை அழைப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இங்க நம்ம பிள்ளைங்க இலங்கைச் சிறையில கெடக்குறப்ப, ஊரை விட்டுட்டு அடுத்தவன் ஊருக்குப் போறது சரியா?

இதைக் கேட்டவர் மகன் அப்போது யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தான். அவருக்கு முன்னால் எந்தப் பதிலும் சின்னதுதான். நான் ஓடிப் போகவில்லை மாமா என்று மட்டும் சொன்னேன். குழுக்களை மூன்று பெண்களிடம் ஒப்படைத்துவிட்டேன், ஒரு வருடமாக அவர்கள்தான் நடத்துகிறார்கள், என்னைவிட நன்றாகவே.

அந்த ஏரியில் கென்யாவின் பங்கு சுமார் 6 சதவீதம்தான், மீதி உகாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும். மிகிங்கோ என்று ஒரு பாறைத் தீவு, அது யாருடையது என்று கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் தகராறு. மீன் தேடிப் போன கென்யாக்காரர்களை உகாண்டாப் போலீஸ் பிடிக்கிறது, பிடித்த மீனையும் எஞ்சினையும் பறிக்கிறது. கச்சத்தீவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கரையில் நின்று கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் என்ன பேசாமல் உட்கார வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

அங்க போயி ஏதாவது ஆயிட்டா?

தயங்கித் தயங்கித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம், நாங்கள் இதைப் பேசிவிட்டோம். 1844இல் மொம்பாசாவுக்கு வந்த லுட்விக் கிராஃப் என்ற மிஷனரி, அதே வருடத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் அங்கே அடக்கம் செய்தார். வேதாளையும் ஓரியூரும் மேலே சொன்னேன். மலேரியா வரலாம், சாலை விபத்து வரலாம்.

மருத்துவக் காப்பீட்டில் அவசர சிகிச்சைக்கு நைரோபி கொண்டுபோகவும், உடலை ஊருக்கு அனுப்பவும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறோம். போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிவோம். எங்கள் இருவருக்கும் ஒன்றாக ஏதாவது ஆனால் பிள்ளைகள் கொழுந்தனிடம் வர வேண்டும் என்று பத்திரத்தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியாயிற்று. வீட்டுக்காரர் தன்னை எங்கே மரிக்கிறாரோ அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லி எழுதினார். நான் பாம்பனுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதினேன். இரண்டு பேரும் மற்றவர் எழுதியதை மாற்றச் சொல்லவில்லை. ஒரு பிரதி ஆயரிடம், ஒன்று எங்களோடு. இன்னொன்று இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது, சாவி அத்தையின் இடுப்பில்.